நோட்டீஸ் ஒட்டாதீர்: விளம்பரத்தை மறிக்க எந்த வழி?

மதுரையில் காலியாக ஒரு சுவரைப் பார்ப்பது கஷ்டம். காதணி விழா, கண்ணீர் அஞ்சலி, கட்சி மாநாடு, பூப்புனித நீராட்டு விழா என்று ஏதாவது ஒன்று ஒட்டியிருக்கும். "இங்கு நோட்டீஸ் ஒட்டாதீர்" என்று வீட்டுக்காரர் எழுதிவைத்தால், அந்த எழுத்தின் மேலேயே ஒட்டிவிட்டுப் போவார்கள். இந்த ஊரில் வளர்ந்தவனுக்கு விளம்பரத்தின் மேல் பெரிய கோபம் வராது. போன வருஷம் வரை எனக்கும் வந்ததில்லை.

சிம்மக்கல் பக்கம் மச்சானுக்கு ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. பலகையில்தான் ஜெராக்ஸ். உள்ளே டிடிபி, லேமினேஷன், கல்யாணப் பத்திரிகை, கோயில் பொங்கல் நோட்டீஸ், ஆன்லைன் விண்ணப்பம் எல்லாம் நடக்கும். தேர்வு விண்ணப்பம் போட வருகிற பிள்ளைகளின் போட்டோவை இத்தனை கேபிக்குள் சுருக்கு, கையெழுத்தை அத்தனை கேபிக்குள் சுருக்கு என்பது தினசரி வேலை. அதற்கென்று இணையத்தில் இலவசத் தளங்கள் உண்டு. அப்படி ஒரு தளத்தில், சுருக்கி முடிந்ததும் 'டவுன்லோடு' என்று மூன்று பச்சைப் பட்டன்கள் வந்தன. ஒன்றுதான் நிஜம். மற்ற இரண்டும் விளம்பரம். கடைப் பையன் பெரிய பட்டனை அழுத்தினான். அன்று சாயங்காலத்துக்குள் அந்த கம்ப்யூட்டரில் தேடுபொறி மாறிப்போயிருந்தது. மூலையில் நிமிஷத்துக்கு ஒரு தரம் "உங்கள் கணினியில் வைரஸ்" என்று ஒரு பெட்டி. கூட்டம் நிற்கிற நேரத்தில் அரை நாள் போயிற்று.

இரண்டு வாரம் கழித்து திருநகரில் அம்மா. மிக்ஸி ஓடவில்லை என்று கஸ்டமர் கேர் நம்பரை மொபைலில் தேடியிருக்கிறார். மேலே முதலில் வந்ததைத் தட்டிப் பேசியிருக்கிறார். எதிர்முனையில் இருந்தவர் பதிவுக் கட்டணம் பத்து ரூபாய் என்றும், அதற்கு ஒரு செயலியை இறக்கிக்கொள்ளுங்கள் என்றும் சொல்லியிருக்கிறார். அம்மா உஷாரானவர். "என் மகன் வந்ததும் பேசச் சொல்றேன்" என்று வைத்துவிட்டார். பணம் எதுவும் போகவில்லை. வந்து பார்த்தால், அந்த முதல் முடிவு காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். கம்பெனிக்கும் அந்த நம்பருக்கும் சம்பந்தமே இல்லை. (பணம் போய்விட்டால் தயங்காமல் உடனே 1930-க்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவுக்கு நல்லது.)

இப்படிப்பட்ட தேடல் விளம்பர மோசடி நம் ஊர்ப் பிரச்சினை மட்டும் இல்லை. 2022 டிசம்பரில் அமெரிக்காவின் எஃப்பிஐ இதைப் பற்றியே ஓர் எச்சரிக்கை விட்டது. அதில் சொன்ன யோசனைகளில் ஒன்று, தேடும்போது விளம்பரத் தடுப்பானைப் போட்டுக்கொள்ளுங்கள் என்பது. அதுவரை இதை ஏதோ கம்ப்யூட்டர் பித்துப் பிடித்த பையன்களின் வேலை என்று நினைத்திருந்தேன்.

ஆகவே முடிவெடுக்க வேண்டியது மூன்று இடத்துக்கு: கடையின் இரண்டு கம்ப்யூட்டர், அம்மாவின் ஆண்ட்ராய்டு மொபைல், வீட்டு டிவி. இருக்கிற வழிகளை எல்லாம் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தேன்.

ஆரம்பிக்கும் முன்பே மச்சான் ஒரு கேள்வி கேட்டார். "மாப்ள, நாமளே நோட்டீஸ் அடிச்சுத்தான் பிழைக்கிறோம். அடுத்தவன் விளம்பரத்தை மறிச்சா பாவம் இல்லையா?" சிரிப்பதற்குக் கேட்டதில்லை. நியாயமான கேள்விதான். நானும் யோசித்துத்தான் பதில் சொன்னேன்: நீங்கள் அடிக்கிற நோட்டீஸ், யார் படிக்கிறார்கள் என்று திரும்பிப் பார்க்காது. படித்தவர் பின்னாலேயே வீடு வரைக்கும் வராது.

இணைய விளம்பரம் வருகிற விதமே வேறு. ஒரு செய்திப் பக்கத்தை நாம் திறக்கும்போது, அது முழுதாக வருவதற்குள் ஓர் ஏலம் நடந்து முடிகிறது. எந்த ஊர், என்ன மொபைல், முன்பு எதையெல்லாம் தேடியவர் என்கிற குறிப்போடு அந்த விளம்பர இடம் விலைக்குப் போகிறது. எல்லாம் சுமார் பத்தில் ஒரு பங்கு நொடிக்குள். மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடியற்காலையில் மல்லிகைக்கு விலை வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதே சுறுசுறுப்புதான், கூடையில் இருப்பது மட்டும் வேறு. யார் அதிக விலை கேட்டாரோ அவர் விளம்பரம் வரும். அவர் மிக்ஸி கம்பெனியா, மிக்ஸி கம்பெனி மாதிரி நடிப்பவரா என்று ஏலம் நடக்கிற அந்த நொடியில் யாரும் நின்று பார்ப்பதில்லை.

சரி, வழிகளுக்கு வருவோம்.

முதலில் தோன்றுவது, இருக்கிற குரோம் பிரவுசரிலேயே ஒரு எக்ஸ்டென்ஷனை, அதாவது அதோடு ஒட்டிக்கொள்ளும் துணை நிரலை, போட்டுவிடுவது. கடையில் எல்லோருக்கும் பழகியது குரோம். ஆனால் நிலைமை 2025-ல் மாறிவிட்டது. யூபிளாக் ஆரிஜின் என்கிற விளம்பரத் தடுப்பு எக்ஸ்டென்ஷனை குரோமில் மட்டும் மூன்று கோடிக்கும் மேற்பட்டவர்கள் வைத்திருந்தார்கள். இப்போது குரோமில் அது ஓடாது. எக்ஸ்டென்ஷன்கள் எழுத வேண்டிய முறையை கூகிள் மாற்றியது. மேனிஃபெஸ்ட் வி3 என்று பெயர். 2018 இறுதியில் முன்வரைவு வந்தது. எதிர்ப்பு கிளம்பி, தேதி பல தடவை தள்ளிப்போய், 2024 ஜூனில் பழையவற்றை ஓரங்கட்ட ஆரம்பித்து, 2025-ல் முடித்துவிட்டார்கள்.

என்ன மாறியது என்று மச்சானுக்குச் சொல்ல நான் கல்யாண மண்டபத்தைத்தான் எடுத்துக்கொண்டேன். முன்பு வாசலில் நம் ஆள் ஒருவர் நிற்பார். வருகிற ஒவ்வொருவரையும் பார்த்து, இவர் யார், எதற்கு வந்தார் என்று அந்த இடத்திலேயே விசாரித்து உள்ளே விடுவார் அல்லது திருப்பி அனுப்புவார். புது முறையில் நம் ஆள் வாசலில் நிற்க முடியாது. யாரை விடக்கூடாது என்று முன்கூட்டியே சீட்டு எழுதி மண்டபக்காரரிடம் கொடுத்துவிட வேண்டும். சீட்டில் எத்தனை பெயர் எழுதலாம், எந்த மாதிரி எழுதலாம் என்பதெல்லாம் மண்டபக்காரர் வகுத்தது. சீட்டைப் பார்த்து நிறுத்துவதும் அவர் ஆள்தான்.

கூகிள் சொல்லும் காரணம் பொய் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். வாசலில் நிற்கிற ஆள் வருவோர் போவோர் எல்லோரையும் பார்க்கிறார். அவர் திருடனாக இருந்துவிட்டால்? நல்ல பிள்ளை மாதிரி வந்து, பிறகு பயனரின் விவரங்களைத் திருடிய எக்ஸ்டென்ஷன்கள் நிஜமாகவே இருந்திருக்கின்றன. அந்தப் பயத்துக்கு அடிப்படை உண்டு. ஆனால் மண்டபக்காரர் யார் என்றும் பார்க்க வேண்டும் அல்லவா? கூகிளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் 2024 வருமானம் சுமார் 35,000 கோடி டாலர். அதில் ஏறத்தாழ நான்கில் மூன்று பங்கு விளம்பரத்திலிருந்து வந்தது. வாசலில் நிறுத்தச் சொல்கிற விருந்தாளிகளில் பலர் அவருடைய சொந்தக்காரர்கள்.

குரோமுக்கென்று யூபிளாக் ஆரிஜின் லைட் என்று ஒன்று இருக்கிறது. யூபிளாக் ஆரிஜினை எழுதியவரே புது விதிகளுக்குள் எழுதியது. இரண்டு நாள் கடையில் ஓட்டிப் பார்த்தேன். உண்மையைச் சொன்னால், பெரும்பாலான பக்கங்களில் வித்தியாசமே தெரியவில்லை. போலி டவுன்லோடு பட்டன்கள் காணாமல் போயின. குறை என்னவென்றால், அதன் தடுப்புப் பட்டியல் புதிதாக வேண்டும் என்றால் எக்ஸ்டென்ஷனுக்கே புதுப் பதிப்பு வந்தாக வேண்டும். விளம்பரக்காரர்கள் காலையில் ஒரு தந்திரம் செய்தால், சாயங்காலத்துக்குள் பதில் சொல்வது பழைய முறையில் முடியும். புது முறையில் அந்த வேகம் இல்லை. குரோமை விட்டு நகரவே முடியாதவர்கள் இதைப் போட்டுக்கொள்ளலாம், வெட்கப்பட ஒன்றுமில்லை.

இங்கே பெயர்க் குழப்பத்தைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன். இதைத் தெரியாமல்தான் பலரும் தப்பானதைப் போட்டுவிட்டு "ஒண்ணும் நிக்கலையே" என்கிறார்கள். ரேமண்ட் ஹில் என்கிற கனடாக்காரர் 2014-ல் யூபிளாக் என்று ஒன்றை எழுதி வெளியிட்டார். 2015-ல் வேலைப்பளு தாங்காமல் அதை இன்னொருவரிடம் ஒப்படைத்தார். வாங்கியவர் நன்கொடை வசூலில் இறங்கினார். ஹில்லுக்கு அது பிடிக்கவில்லை. கட்டற்ற உரிமத்தில் இருந்ததால், அதே நிரலை எடுத்துக்கொண்டு யூபிளாக் ஆரிஜின் என்று தனியாக நடத்த ஆரம்பித்தார். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியிருக்கவில்லை. பழைய யூபிளாக் 2018-ல் வேறு ஒரு விளம்பரத் தடுப்பு நிறுவனத்தின் கைக்குப் போனது. ஹில் இன்றுவரை நன்கொடை வாங்குவதில்லை. ஆகவே 'ஆரிஜின்' என்கிற சொல் இருக்கிறதா என்று பார்த்துப் போடுங்கள். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டால் ஆளே வேறு.

இன்னொரு பிரபலமான பெயர் ஆட்பிளாக் பிளஸ். ஜெர்மனியின் கொலோன் நகரத்தில் இருக்கிற ஐயோ என்கிற நிறுவனத்துடையது. (நிறுவனத்தின் பெயரே அதுதான், நான் ஒன்றும் செய்ய முடியாது.) 2011-லிருந்து 'ஏற்கத்தக்க விளம்பரங்கள்' என்று ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். கண்ணை உறுத்தாத விளம்பரங்களை விட்டுவிடுவார்கள். சின்ன தளங்களுக்கு இலவசம். பெரிய நிறுவனங்கள், அப்படி விட்டதால் கூடுதலாகக் கிடைக்கும் வருமானத்தில் 30 சதவீதம் இவர்களுக்குக் கொடுக்க வேண்டும். நம் ஊர்க் கணக்கில், போஸ்டர் கிழிப்பவரிடமே போய் "அண்ணே, நம்ம போஸ்டரை மட்டும் விட்டுருங்க" என்று பங்கு பேசுவது. ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018-ல் இது சட்டப்படி தப்பில்லை என்று சொல்லிவிட்டது. வேண்டாம் என்றால் அமைப்புகளில் போய் அணைத்துவிடலாம் என்பதும் உண்மை. ஆனாலும் மச்சானுக்கு இது பிடிக்கவில்லை. எனக்கும்தான்.

அடுத்தது ஃபயர்ஃபாக்ஸ் என்கிற இன்னொரு பிரவுசர். அதில் யூபிளாக் ஆரிஜின் முழுசாக, பழைய பலத்தோடு ஓடுகிறது. ஃபயர்ஃபாக்ஸை உருவாக்கும் மோசில்லா புது முறையையும் சேர்த்துக்கொண்டது, ஆனால் வாசலில் ஆள் நிற்கிற பழைய வசதியை எடுக்கவில்லை. இடைமுகம் தமிழிலும் கிடைக்கிறது. கடைப் பையனுக்கு அது பெரிய வசதியாகப் போயிற்று. எக்ஸ்டென்ஷனுக்குள் தடுப்புப் பட்டியல்கள் என்று ஒரு பகுதி இருக்கும். 2005-லிருந்து தன்னார்வலர்கள் பராமரித்து வருகிற ஈஸிலிஸ்ட் தானாகவே போட்டிருக்கும். கீழே வட்டாரப் பட்டியல்களில் இந்தியன்லிஸ்ட் என்று ஒன்று உண்டு. அதையும் டிக் செய்துகொள்ளுங்கள். இந்திய மொழித் தளங்களுக்கென்று தொகுத்தது. தமிழ்ச் செய்திப் பக்கம் ஒன்றைத் திறந்துவிட்டு மேலே கேடய ஐகானைப் பாருங்கள். மறித்த எண்ணிக்கை இரண்டு இலக்கத்தில் ஏறிக்கொண்டே போகும். தினம் ஒன்றரை ஜிபி கணக்கில் டேட்டா வைத்திருப்பவர்களுக்கு இந்த எண்ணிக்கை சும்மா இல்லை.

ஃபயர்ஃபாக்ஸின் பலவீனம் வேறு இடத்தில் இருக்கிறது. மோசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, தேடுபொறியாக கூகிளை முதலில் வைப்பதற்கு கூகிள் தருகிற பணம். போட்டிக் கடைக்கு வாடகை கட்டுவதே எதிர்க்கடைக்காரர் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2024-ல் மோசில்லாவே அனானிம் என்கிற விளம்பர நிறுவனம் ஒன்றை வாங்கியது. ஆகவே இதை ஒரு புண்ணியக்ஷேத்திரமாக நினைத்துப் போக வேண்டாம். ஆனால் நிரல் முழுவதும் திறந்திருக்கிறது. நாளைக்கு மோசில்லா தடம் மாறினால், ஹில் செய்ததைப் போல வேறு யாராவது எடுத்து நடத்த வழி உண்டு.

பழக்கமும் ஒரு தடைதான். கடையில் விரல்ரேகைக் கருவியோடு செய்கிற ஒரு வேலை குரோமில்தான் ஒழுங்காக ஓடுகிறது. ஃபயர்ஃபாக்ஸில் கருவியையே கண்டுகொள்ளவில்லை. ஒரு நாள் முழுக்க மல்லுக்கட்டிவிட்டு, அந்த வேலைக்கு மட்டும் குரோமை வைத்துக்கொண்டோம். இந்த மாதிரி தளங்கள் பெருகப் பெருக, "எல்லாம் குரோமில் பார்த்துக்கலாம்" என்று எழுதுகிறவர்களும் பெருகுவார்கள். அதுதான் எனக்குக் கவலை.

பிரேவ் என்கிற பிரவுசரைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஜாவாஸ்கிரிப்ட் என்கிற நிரல்மொழியை உருவாக்கிய பிரெண்டன் ஐக் தொடங்கியது. குரோமின் அடித்தளமான குரோமியத்தின் மேல் கட்டியது. தடுப்பான் எக்ஸ்டென்ஷனாக இல்லாமல் பிரவுசருக்குள்ளேயே இருப்பதால் மேனிஃபெஸ்ட் மாற்றம் அதைத் தொடவில்லை. இறக்கியதும் வேலை செய்கிறது, எதையும் டிக் செய்ய வேண்டியதில்லை. கம்ப்யூட்டர் தெரியாத சித்தப்பாவுக்குப் போட்டுக்கொடுக்க இதைவிட எளிது இல்லை. ஆனால் அவர்களும் சொந்தமாக விளம்பர வியாபாரமும் கிரிப்டோ டோக்கனும் வைத்திருக்கிறார்கள். 2020 ஜூனில், முகவரிப் பட்டையில் ஒரு கிரிப்டோ தளத்தின் பெயரை அடித்தால் பிரேவின் கமிஷன் கோடு தானாக ஒட்டிக்கொண்டது கண்டுபிடிக்கப்பட்டது. ஐக் தப்பு என்று ஒத்துக்கொண்டு திருத்தினார். திருத்தியது சரி. இருந்தாலும் அந்த டோக்கன் சமாச்சாரத்தைக் கடையில் யாராவது அழுத்திவைத்தால் எனக்குத்தான் போன் வரும்.

அப்புறம் டிஎன்எஸ் வழி. இதில் பிரவுசரைத் தொடவே வேண்டாம். இணையத்தில் ஒரு பெயரை எண் முகவரியாக மாற்றிக்கொடுக்கிற விசாரணைக் கவுன்ட்டர் ஒன்று இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள், பெரியார் பஸ் ஸ்டாண்டில் இருப்பது மாதிரி. விளம்பர கம்பெனியின் முகவரியைக் கேட்டால் "அப்படி ஒண்ணு இல்லைங்க" என்று சொல்லிவிடும் கவுன்ட்டராகப் பார்த்து மாற்றிவிடுவதுதான் இந்த வழி. ஆண்ட்ராய்டு 9-லிருந்து அமைப்புகளில் 'பிரைவேட் டிஎன்எஸ்' என்று இருக்கிறது. அங்கே ஆட்கார்ட் அல்லது நெக்ஸ்ட்டிஎன்எஸ் என்கிற டிஎன்எஸ் சேவைகள் தருகிற பெயரைப் போட்டால் போதும். எந்தச் செயலியும் இறக்க வேண்டாம். கேம்களுக்குள், செய்திச் செயலிகளுக்குள் வருகிற விளம்பரம்கூடக் குறையும். பிரவுசர் எக்ஸ்டென்ஷனால் அது முடியாது.

அம்மாவுக்கு இதில் ஒரு கூடுதல் லாபம் இருந்தது. தேடல் முடிவில் வருகிற விளம்பர இணைப்பைத் தட்டினால், அது பெரும்பாலும் ஓர் இடைவழி முகவரி வழியாகத்தான் போகும். பல டிஎன்எஸ் பட்டியல்களில் அந்த இடைவழியும் அடைபட்டிருக்கிறது. விளம்பரம் கண்ணில் பட்டாலும் தட்டினால் பக்கம் திறக்காது. "மேலே இருக்கிறதைத் தொட்டா நெட் வரமாட்டேங்குது, கீழே இருக்கிறதுதான் வருது" என்று அம்மா ஒரு நாள் குறையாகச் சொன்னார். நான் திருத்தவில்லை. விளம்பரத்திலேயே போன் நம்பர் எழுதியிருந்தால் இந்த வழி காப்பாற்றாது என்பதையும் அவரிடம் சொல்லிவைத்தேன்.

டிஎன்எஸ் தோற்கிற இடம் யூடியூப். விளம்பரமும் வீடியோவும் ஒரே கவுன்ட்டர், ஒரே பஸ். ஒன்றை நிறுத்தினால் மற்றதும் நிற்கும். இன்னொன்று, நாம் எந்தெந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பதெல்லாம் இப்போது அந்த டிஎன்எஸ் நிறுவனத்துக்குத் தெரியும். முன்பு நம் இணைய சேவைக்காரருக்குத் தெரிந்துகொண்டிருந்தது. நம்பிக்கையை ஓரிடத்திலிருந்து எடுத்து இன்னோரிடத்தில் வைக்கிறோம், அவ்வளவுதான்.

யாரையும் நம்ப வேண்டாம் என்றால் பை-ஹோல். ராஸ்பெர்ரி பை என்கிற சின்னக் கணினியை வீட்டிலேயே வைத்து, அந்தக் கவுன்ட்டரை நாமே நடத்துவது. மென்பொருள் திறந்த மூலம், இலவசம். வீட்டு வைஃபையில் இருக்கிற எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் மறிப்பு. நான் எட்டு மாதம் நடத்தினேன். ரொம்பப் பெருமையாக இருந்தது. பிறகு ஒரு நாள் நான் சென்னையில் இருந்தபோது அதன் மெமரி கார்டு செத்துப்போனது. கவுன்ட்டரில் ஆள் இல்லை என்றால் வீட்டில் ஒரு பக்கமும் திறக்காது. "நெட் வரல, நெட் வரல" என்று திருநகரிலிருந்து பதினோரு போன். ரௌட்டருக்குள் போய் எதை மாற்ற வேண்டும் என்று அம்மாவுக்குப் போனில் சொல்லிக்கொடுத்த அந்த ஒரு மணி நேரத்தில், இது குடும்பஸ்தனுக்கான வழி இல்லை என்று புரிந்தது. தனியாக இருப்பவர்கள், இதிலேயே ஆசை உள்ளவர்கள் செய்யலாம்.

கடைசியாக, காசு கொடுத்துவிடுவது. இதைத்தான் நேர்மையான வழி என்பார்கள். ஓரளவுக்கு நானும் ஒத்துக்கொள்கிறேன். யூடியூப் பிரீமியம் இந்தியாவில் 2024 ஆகஸ்டில் மாதம் 129 ரூபாயிலிருந்து 149 ஆனது. குடும்பத் திட்டம் 189-லிருந்து 299. வழக்கமான வீடியோக்களில் விளம்பர வருமானத்தின் 55 சதவீதம் வீடியோ போட்டவருக்குப் போகிறது. பிரீமியத்திலும் பார்த்த நேரத்துக்கு ஏற்ப அவர்களுக்குப் பங்கு உண்டு. கீழவாசலில் பரோட்டாவும் கறிதோசையும் சுற்றிக்காட்டிப் பிழைக்கிற ஒரு பையனின் வீடியோவைத் தடுப்பானோடு பார்த்தால் அவனுக்கு ஒன்றும் போகாது. அதை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை.

ஆனால் காசு கொடுத்தால் விளம்பரம் நிரந்தரமாகப் போய்விடும் என்கிற நம்பிக்கை எனக்குப் போய்விட்டது. அமேசான் பிரைம் வீடியோ 2025 ஜூனில் இந்தியாவில், ஏற்கெனவே சந்தா கட்டுகிறவர்களுக்கே விளம்பரத்தைக் கொண்டுவந்தது. வேண்டாம் என்றால் அதற்குத் தனியாக இன்னும் கொஞ்சம் கட்ட வேண்டும். பஸ்ஸில் சீட்டு எடுத்து உட்கார்ந்தவரிடம், பக்கத்தில் யாரும் வந்து சோப்பு விற்காமல் இருக்கத் தனிச் சீட்டு கேட்பது மாதிரி. காசு கொடுத்தாலும் நாம் என்ன பார்க்கிறோம் என்று குறித்துக்கொள்வது நிற்பதில்லை. யூடியூப் தவிர மற்ற ஆயிரம் தளங்களுக்கும் இது எந்தப் பாதுகாப்பும் இல்லை.

எல்லாவற்றையும் பார்த்தபின் நான் ஒரு கேள்வியைத்தான் வைத்துக்கொண்டேன். இன்று எது அதிகமாக மறிக்கிறது என்பதில்லை, அது மாதா மாதம் மாறும். நாளைக்கு யார் ஒரு வார்த்தை சொன்னால் இது நின்றுபோகும் என்பதுதான். குரோமில் இருக்கிற எதுவும் கூகிள் சொன்னால் நிற்கும். 2025-ல் நின்றதை நாமே பார்த்தோம். பிரவுசர், மொபைலின் ஆண்ட்ராய்டு, தேடுபொறி, வீடியோத் தளம், விளம்பர ஏலம் நடத்துகிற சந்தை, எல்லாம் ஒரே கையில். இதில் முறைகேடு இருக்கிறது என்பது என் புலம்பல் மட்டும் இல்லை. 2022 அக்டோபரில் இந்தியாவின் போட்டி ஆணையம் ஆண்ட்ராய்டு விவகாரத்தில் கூகிளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் போட்டது. தேடலில் சட்டவிரோதமாக ஏகபோகத்தைக் காத்துக்கொண்டது என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2024 ஆகஸ்டிலும், விளம்பரச் சந்தையிலும் அப்படித்தான் என்று இன்னொன்று 2025 ஏப்ரலிலும் தீர்ப்புச் சொன்னது.

2023-ல் கூகிள் பொறியாளர்கள் இன்னொரு யோசனையும் முன்வைத்தார்கள். ஒரு தளம், தன்னைத் திறக்கிற பிரவுசர் கைபடாத அசல்தானா என்று சான்றிதழ் கேட்டுச் சரிபார்க்கலாம் என்பது. பலத்த எதிர்ப்பு வந்ததும் அதே ஆண்டு கைவிட்டுவிட்டார்கள். அது நடந்திருந்தால் என் கம்ப்யூட்டரில் எதை ஓட்டலாம் என்பதற்கு நான் வாசலில் நின்று சான்றிதழ் காட்ட வேண்டியிருந்திருக்கும். கைவிட்ட யோசனைதான். ஆனாலும் மறக்க முடியவில்லை.

கடையில் இரண்டு கம்ப்யூட்டரிலும் ஃபயர்ஃபாக்ஸ், யூபிளாக் ஆரிஜின். விரல்ரேகை வேலைக்கு மட்டும் குரோம், அதற்குள் லைட். கடைப் பையன் தப்பாகத் திறந்துவிடாமல் இருக்க குரோம் ஐகானின் பெயரை 'ரேகை' என்று மாற்றிவைத்திருக்கிறேன். அம்மாவின் மொபைலில் பிரைவேட் டிஎன்எஸ், கூடவே ஃபயர்ஃபாக்ஸ். ஆண்ட்ராய்டு ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின் அப்படியே ஓடும், ஆண்ட்ராய்டு குரோமில் எக்ஸ்டென்ஷனே போட முடியாது. ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுதந்திரம் குறைவு. அங்கே ஆப்பிள் வகுத்த தடுப்பு முறைக்குள்தான் எதையும் தேட வேண்டும்.

ஃபயர்ஃபாக்ஸை அம்மா இரண்டு நாள் முறைத்தார். "பழைய உருண்டை எங்கே?" என்று கேட்டார். நரி உருண்டையையும் இப்போது உருண்டை என்றே சொல்கிறார்.

டிவிதான் இழுத்துக்கொண்டிருக்கிறது. யூடியூப் செயலிக்குள் வருகிற விளம்பரத்தை டிஎன்எஸ்ஸால் மறிக்க முடியாது என்று பார்த்தோம். கந்த சஷ்டி கவசத்துக்கு நடுவே பான் மசாலா வந்தால் அம்மாவுக்கு ஆகாது. ரிமோட்டைத் தேடி எடுத்து 'ஸ்கிப்' அழுத்துவதற்குள் மனசு கெட்டுப்போகிறது என்கிறார். மாதம் 149 கட்டிவிடலாம் என்பது என் கட்சி. மச்சான் கட்சி வேறு. "ஒரு வருஷத்துக்கு ஆயிரத்து எழுநூத்திச் சொச்சம் மாப்ள. அதுக்குப் பழைய டேப்ரிகார்டரை ரிப்பேர் பண்ணிக் கொடுத்துரலாம்." தெற்குமாசி வீதிப் பக்கம் ஒருவரிடம் அதைக் கொடுத்தும் இருக்கிறார். இன்னும் வந்தபாடில்லை.

விளம்பரத்தை மட்டுமே நம்பி நடக்கிற சின்ன தமிழ்த் தளங்கள் இரண்டு மூன்றை நான் விலக்குப் பட்டியலில் போட்டிருக்கிறேன். யூபிளாக் ஆரிஜினைத் தட்டினால் நடுவில் பெரிய நீல நிறப் பட்டன் இருக்கும். அதை அணைத்தால் அந்தத் தளத்தில் மட்டும் தடுப்பு நின்றுவிடும். இதைக் கடையில் எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தாயிற்று, மச்சானைத் தவிர. எல்லாம் அடைபட்டிருக்கட்டும், தனக்கு அது தேவைப்படாது என்று சொல்லிவிட்டார்.

போன வாரம் அவரே கூப்பிட்டார். பக்கத்து டிராவல்ஸ்காரர் பேச்சைக் கேட்டு, கடைக்கு ஆயிரம் ரூபாய்க்கு ஆன்லைன் விளம்பரம் கொடுத்திருக்கிறார். காலையிலிருந்து இரண்டு கம்ப்யூட்டரிலும் மாற்றி மாற்றித் தேடியும் தன் கடை விளம்பரம் கண்ணில் படவே இல்லையாம்.

"அந்த நீலப் பட்டன் எங்க இருக்கு மாப்ள?" என்றார்.